பில் எங்கே என்று என்னிடமா கேட்கிறீர்கள்?

பில் நம்பர் இல்லையாம். தேதி இல்லையாம். தொகை இல்லையாம். அதனால் என் வழக்கு தள்ளுபடியாம்! நான் சொன்னது பொய் என்று நீதிபதி சொல்லவில்லை. அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் வழக்கு நிற்காதாம். வாசற்படியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நான். கூலி கொடுப்பது மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு, அதாவது மக்களின் வரிப்பணம். நடக்கிறாரா, தானே குளிக்கிறாரா, மூச்சு வாங்குகிறதா என்று ஆளுக்கொரு படிவம் நிரப்புவேன். வீட்டைவிட்டு வெளியே போவதே பெரும்பாடு என்றிருப்பவருக்குத்தான் மெடிகேர் பணம் தரும். உடல்நிலை மோசமாக மோசமாக, கம்பெனிக்கு வரவு கூடும்.

ஒரு பெரியவர். நான் போனபோது வாசலில் நின்று காரைக் கழுவிக்கொண்டிருந்தார்; மீன் பிடிக்கக் கிளம்புகிறாராம். 'துணையின்றி நடக்கிறார்' என்று எழுதினேன். அடுத்த வாரம் கணினியைத் திறந்தால், 'துணையின்றி எழவும் முடியாது' என்று இருக்கிறது. கீழே என் பெயர், என் கையொப்பம்! கேட்டேன். "கோடிங்கில் சரிசெய்தோம், நீ உன் வேலையைப் பார்" என்றார்கள். இப்படி இன்னும் பலருக்கு. விடாமல் கேட்டேன், வேலை போயிற்று.

சட்டம் இருக்கிறதே என்றுதானே நம்பிப் போனேன்? உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்கு மட்டச் சரக்கை விற்று ஏய்த்த ஒப்பந்தக்காரர்களைப் பிடிக்க, 1863-ல் லிங்கன் கையெழுத்திட்ட பொய்க் கோரிக்கைச் சட்டம் அது. அரசுக்காகக் குடிமக்களே வழக்குப் போடலாம். வழக்கு குறைந்தது 60 நாள் ரகசியமாக இருக்கும் என்கிறது சட்டம். அரசோ தவணைமேல் தவணை வாங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. யாரிடமும் வாய் திறக்க முடியாமல் உள்ளுக்குள்ளேயே வெந்தேன். கடைசியில், "நாங்கள் சேரவில்லை" என்று ஒதுங்கிக்கொண்டது.

மோசடி என்று சொன்னால் விவரங்களைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும் என்கிறது சிவில் நடைமுறை விதி 9(பி). நியாயம்தான்; போகிறபோக்கில் யார்மேலும் சேற்றை வாரி இறைக்கக் கூடாது. எந்தப் படிவம், என்ன மாற்றம், யார் மாற்றினார் என்று எல்லாம் சொன்னேனே! போதாதாம். அரசுக்குப் போன பில்லைக் காட்ட வேண்டுமாம். பில் போடுவது வேறு பிரிவு. நர்ஸுக்கு அதன் பாஸ்வேர்டைக் கொடுப்பார்களா? தெரியாமல் எடுத்திருந்தால் திருடி என்று என்மேலேயே பாய்ந்திருப்பார்கள். கம்பெனியின் ஆவணங்களைக் கேட்டு வாங்க, வழக்கு இந்தப் படியைத் தாண்ட வேண்டும். படியைத் தாண்ட அதே ஆவணம் வேண்டும். என்ன கூத்து இது? பில், அதை அனுப்பிய கம்பெனியிடம் இருக்கிறது. பணம் கொடுத்த அரசிடமும் இருக்கிறது. எடுத்தவனையும் கேட்காமல், பறிகொடுத்தவனையும் கேட்காமல், பார்த்துச் சொன்னவளைப் பிடித்து உலுக்குகிறீர்களே!

இன்னொன்றை நினைத்தால் வயிறு எரிகிறது. டெக்சாஸ் அடங்கிய 5-வது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் கிரப்ஸ் வழக்கில், மோசடி நடந்த விதத்தை விவரமாகச் சொல்லி, பில் போயிருக்கும் என்பதற்கு நம்பத்தக்க அடையாளம் காட்டினால் போதும் என்றது. எங்கள் 11-வது சுற்றோ 2002-ல் க்ளாசன் வழக்கிலேயே, பில் விவரம் இல்லையென்று கதவைச் சாத்திவிட்டது. அதே மெடிகேர், அதே சட்டம், அதே விதி. டெக்சாஸ் நர்ஸின் சொல் அம்பலம் ஏறலாம், என் சொல் ஏறாதா? இதைத் தீர்த்துவையுங்கள் என்று என்னைப் போன்ற சிலர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அரசிடம் கருத்துக் கேட்டது நீதிமன்றம். எடுக்க வேண்டாம் என்றது அரசு, யாருக்காக நாங்கள் மாரடிக்கிறோமோ அதே அரசு! 2022 அக்டோபரில் நீதிமன்றமும் கைகழுவியது.

எங்களைப் போன்றவர்கள் தொடுத்த வழக்குகளால் 2024 நிதியாண்டில் மட்டும் 240 கோடி டாலருக்குமேல் அரசுக்குத் திரும்பியது. கஜானாவுக்குப் பணம் வரும்போது நாங்கள் இனிக்கிறோம். கஷ்டத்தைச் சொன்னால் கசக்கிறோமா?

எனக்கு மீட்கும் பணத்தில் பங்கும் வேண்டாம், பாராட்டும் வேண்டாம். கம்பெனியின் பில் கணக்கைத் திறந்து என் படிவங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் சொன்னது பொய்யென்றால் என் நர்ஸ் உரிமத்தைப் பறித்துக்கொள்ளுங்கள். பார்க்கவே மாட்டோம் என்றால், நான் எழுதாததை எழுதி என் பெயரைப் போட்ட அந்தப் படிவங்களுக்கு இனி ஒரு சல்லிக்காசும் கொடுக்காதீர்கள்!