ஆபரேஷன் வயிற்றில்... மரத்துப்போனது கை!

ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் என்னென்ன கேள்விகள் கிளம்பும்? 'எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்கணும்? எவ்வளவு செலவாகும்? மயக்கம் சரியாகத் தெளியுமா? தையல் எப்போ பிரிப்பாங்க?' எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஆனால், ஒரு கேள்வியை மட்டும் நம்மில் அநேகமாக யாருமே கேட்பதில்லை. 'டேபிளில் என்னை எப்படிப் படுக்க வைப்பீங்க, டாக்டர்?'

'இதில் கேட்க என்ன இருக்கு? படுக்க வைக்கிறதெல்லாம் ஒரு விஷயமா?' என்கிறீர்களா? விஷயம்தான். பித்தப்பையை எடுக்கப் போனவருக்குக் கையில் இரண்டு விரல் மரத்துப்போவதும், ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்குப் போனவருக்குப் பாதம் தூக்க முடியாமல் போவதும் உண்டு. கத்தி பட்ட இடம் ஒன்று, பாதிப்பு வந்த இடம் வேறொன்று. காரணம், படுத்திருந்த விதம்.

தூக்கத்தில் நடக்காதது மயக்கத்தில் ஏன்?

கல்யாணப் பந்தியில் ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போகிறது அல்லவா? நரம்பு அழுந்தி, அதற்குப் போகிற ரத்த ஓட்டம் குறைவதால் வருகிற எச்சரிக்கை அது. உடனே காலை நீட்டிவிடுகிறோம். ராத்திரி தூங்கும்போதும் இப்படித்தான். கை அழுந்தினால் நமக்குத் தெரியாமலே புரண்டு படுத்துவிடுவோம்.

மயக்க மருந்து கொடுத்த பிறகு இந்த எச்சரிக்கை மணி அடிக்காது. புரண்டு படுக்கவும் முடியாது. தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்தால், விழித்திருக்கும்போது 'ஐயோ, வலிக்குது' என்று நாம் விடாத அளவுக்கும் கை காலை இழுத்து வைக்க முடியும். இரண்டு மணி, மூன்று மணி நேரம் அப்படியே கிடந்தால் நரம்பு என்ன செய்யும், பாவம்!

முக்கியமாக மூன்று இடங்கள்

முதலாவது, முழங்கை. கதவு நிலையில் முழங்கை இடித்தால் 'சுரீர்' என்று கரண்ட் அடித்த மாதிரி விரல் வரைக்கும் ஓடுமே, அந்த நரம்புதான். 'அல்நார்' என்று பெயர். முழங்கையின் உள்பக்கம் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே, சதைப் பாதுகாப்பு இல்லாமல் ஓடுகிறது. டேபிள் விளிம்பிலோ, கைப்பலகையிலோ அது அழுந்தினால் சுண்டு விரலும், மோதிர விரலில் பாதியும் மரத்துவிடும். முற்றினால் கைப்பிடி தளர்ந்து, பட்டன் போடுவதும் சாவி திருப்புவதும் கஷ்டமாகிவிடும்.

இரண்டாவது, தோள்பட்டை. கழுத்திலிருந்து அக்குள் வழியாகக் கைக்குப் போகிற நரம்புக் கொத்து இங்கே இருக்கிறது. சலைன் ஏற்றுவதற்காகக் கையைப் பக்கவாட்டில் நீட்டி வைப்பார்கள். அது 90 டிகிரியைத் தாண்டினால் இந்தக் கொத்து இழுபடும். தலையை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால் இன்னும் மோசம். தலை கீழாகச் சரித்துச் செய்கிற லேப்ராஸ்கோப்பி, ரோபோ ஆபரேஷன்களில் உடம்பு சரிந்து போகிறபோதும் இதே தொல்லை வரலாம்.

மூன்றாவது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம். தடவிப் பாருங்கள், சின்ன எலும்பு முண்டு ஒன்று தட்டுப்படும். அதைச் சுற்றிக்கொண்டு போகிற நரம்புதான் பாதத்தைத் தூக்குகிறது. மூத்திரப் பாதை, கர்ப்பப்பை, மூலம் போன்ற ஆபரேஷன்களுக்குக் காலைத் தூக்கிக் கம்பியில் மாட்டுவார்கள். அந்தக் கம்பி இந்த முண்டில் அழுத்தினால் பாதம் தொங்கிவிடும். மாடிப்படியில் தடுக்கும், செருப்பு கழன்று ஓடும். நேரம் ஆக ஆக ஆபத்து கூடும்.

கணக்கு என்ன சொல்கிறது?

பயப்படாதீர்கள், இது அடிக்கடி நடப்பதல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1957 முதல் 1991 வரை மயக்க மருந்து பெற்ற பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ரெக்கார்டுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். முழங்கை நரம்பு பாதிக்கப்பட்டு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தது, 2,729 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில்தான். ஆனால், மயக்க மருந்து சம்பந்தமாக அந்த நாட்டில் போடப்பட்ட நஷ்டஈட்டு வழக்குகளை அலசி 1999-ல் வெளியான அறிக்கையைப் பாருங்கள். 4,183 வழக்குகளில் 670 வழக்குகள் நரம்பு பாதிப்புக்காக! அதிலும் முதலிடம் முழங்கை நரம்புக்கு, இரண்டாமிடம் தோள்பட்டைக்கு.

அபூர்வம்தானே என்று விட்டுவிட முடியாது. தையல்காரருக்கோ, டைப் அடிக்கிறவருக்கோ, வண்டி ஓட்டுகிறவருக்கோ விரல்தானே சோறு போடுகிறது? நரம்பின் மேலுறை மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் சில வாரங்களில் சரியாகிவிடும். உள்ளே இருக்கும் இழையே அறுபட்டால் அது திரும்ப வளர்கிற வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். தோளிலிருந்து விரல் வரைக்கும் எவ்வளவு தூரம், எத்தனை மாதம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வரி சேர்த்தால் என்ன?

தடுப்பதற்கு லட்ச ரூபாய் மிஷின் எதுவும் வேண்டாம் என்பதுதான் என் ஆதங்கம். முழங்கைக்கும் முழங்காலுக்கும் மெத்தென்ற பேட், கை 90 டிகிரிக்குள், உள்ளங்கை மேலே பார்த்தபடி. கை உடம்போடு ஒட்டி இருந்தால் உள்ளங்கை தொடையைப் பார்த்தபடி. நடுநடுவே ஒருவர் குனிந்து 'எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறதா' என்று ஒரு பார்வை. இவ்வளவுதான். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2000-லேயே இதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷன் தியேட்டருக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. பேஷன்ட் பெயர், எந்தப் பக்கம், அலர்ஜி உண்டா, பஞ்சு எண்ணியாச்சா என்று 19 விஷயங்கள். அருமையான ஏற்பாடு. ஆனால், 'கை கால் சரியாக வைக்கப்பட்டதா' என்று தனியாக ஒரு வரி அதில் இல்லை. அந்தந்த ஆஸ்பத்திரி தன் வசதிக்கு ஏற்ப வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பட்டியலிலேயே சொல்லியிருக்கிறார்கள். பிறகென்ன தடை? நம் ஊர் ஆஸ்பத்திரிகள், பெரியதோ சின்னதோ, இருபதாவதாக இந்த ஒரு வரியைச் சேர்க்கட்டும். எப்படிப் படுக்க வைத்தோம், எங்கே பேட் வைத்தோம் என்று கேஸ் ஷீட்டிலும் எழுதட்டும். எழுதணும் என்றாலே கை தானாகச் சரி பார்க்கும். பேஷன்டுக்கும் நல்லது, நாளைக்குக் கேள்வி வந்தால் டாக்டருக்கும் நல்லது.

அதற்காக, விரல் மரத்தால் உடனே டாக்டர் சட்டையைப் பிடிக்காதீர்கள். எல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்கு இது வருகிறது. ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து, வார்டில் முழங்கையை ஊன்றிப் படுத்துக் கிடந்ததால் வருவதும் உண்டு. ஆபரேஷனே இல்லாமல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களுக்கும் வந்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது

ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் வந்து பேசுவார். 'பேஷன்ட்டோட ஹிஸ்டரி சொல்லுங்க' என்பார். அப்போது மறைக்காமல் சொல்லுங்கள்: சர்க்கரை வியாதி, ஏற்கெனவே கை கால் மரத்துப்போகிற பழக்கம், கழுத்து எலும்புத் தேய்மானம், மூட்டு வாதம், பீடி சிகரெட், குடி. அப்பா முன்னால் குடியைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ரொம்ப ஒல்லியானவர்களுக்கும், ரொம்பப் பருமனானவர்களுக்கும் ஆபத்து சற்று அதிகம். முழங்கை நரம்பைப் பொறுத்தவரை ஆண்களுக்குத்தான் அதிகம்.

'அம்மாவுக்குத் தோளைத் தூக்கவே முடியாது டாக்டர்', 'அப்பாவுக்கு முழங்கால் மடங்காது' என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். முடிந்தால், மயக்கம் கொடுக்கும் முன்பே அந்த நிலையில் ஒரு நிமிஷம் படுத்துக் காட்டச் சொல்வார்கள். விழித்திருக்கும்போதே தாங்க முடியாத நிலை, மயக்கத்தில் மட்டும் எப்படி நல்லதாகும்?

ஆபரேஷன் முடிந்ததும் 'காபி குடிக்கலாமா?' என்று கேட்பதற்கு முன்னால், விரல்களை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். பாதத்தை மேலே தூக்கச் சொல்லுங்கள். மரப்பு, ஊசி குத்துகிற மாதிரி உணர்வு, பலவீனம் எது இருந்தாலும் அன்றைக்கே நர்ஸிடம் சொல்லுங்கள். முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்திருந்தால் கால் சில மணி நேரம் மரத்துத்தான் இருக்கும். அந்த நேரம் தாண்டியும் போகவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள். 'மயக்க மருந்தோட எஃபெக்ட், தானா சரியாயிடும்' என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்வதைக் கேட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். விரல் அசையவில்லை, பாதம் தூக்கவில்லை என்றால் நரம்பியல் டாக்டர் உடனே பார்க்கணும். மூட்டு இறுகாமலிருக்கப் பிசியோதெரபியும், பாதத்துக்கு ஒரு தாங்கியும் சீக்கிரம் ஆரம்பிக்கணும்.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற கை அது. ஆபரேஷன் முடிந்த பிறகும் அதே கையால் கையெழுத்துப் போட முடியணும். அதற்காக ஒரே ஒரு கேள்வி கேட்பதில் தப்பே இல்லை. நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.