காந்தமும் கர்த்தரும்

காந்தம் இரும்பை இழுக்கும் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதியாகும். இதிலே மதத்துக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். பெசன்ட் நகரில் கோடை விடுமுறையில் நடந்த ஒரு கிறிஸ்தவச் சிறுவர் வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகே உண்மை விளங்கிற்று.

வகுப்பு நடத்திய அம்மாள் ஒரு காந்தத்தைத் தூக்கி, “இதுதான் இயேசு” என்றாராம். குண்டூசிகளைக் காட்டி, “இவர்கள் விசுவாசிகள்” என்றாராம். காகிதம், மரத்துண்டு, பித்தளைச் சாவி இவைகளைக் காட்டி, “இவர்கள் இருதயத்தைக் கடினப்படுத்திக் கொண்டவர்கள், ஒட்டமாட்டார்கள்” என்றாராம். அங்கே போய்வந்த நமது நண்பரின் ஆறு வயதுப் பெண் வீட்டில் கேட்ட முதல் கேள்வி: “அப்பா, நம்ம ஆயா பித்தளையா?”

தோழர்களே! பாடம் காந்தத்தைப் பற்றியது. ஆனால் குழந்தை கற்றுவந்ததோ, தன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த கிழவி தள்ளுபடியான சரக்கு என்பது! இது அறிவு வளர்ச்சியா, அன்பு மார்க்கமா?

நிற்க. இந்த உவமையாவது யோக்கியமானதா? இரும்பு விசுவாசித்தா ஒட்டுகிறது? இரும்புக்குள் அணுக்கள் கூட்டங் கூட்டமாய் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டமும் ஒரு சிறு காந்தம். வெளிக்காந்தம் கிட்ட வந்ததும் அவை ஒரே திசையில் அணிவகுக்கின்றன, இரும்பு இழுபடுகிறது. பித்தளையில் அத்தகைய கூட்டங்கள் இல்லை. இதில் இரும்புக்குப் புண்ணியமும் இல்லை, பித்தளைக்குப் பாவமும் இல்லை. அதே இரும்பை 770 டிகிரி செல்சியசுக்குமேல் காய்ச்சினால் காந்தம் அதைச் சீந்தாது. ஆறினால் மறுபடியும் இழுக்கும். அப்படியானால் உலையில் போன விசுவாசம் ஆறியதும் திரும்பி வந்துவிட்டதா? எவர்சில்வர்ப் பாத்திரங்களில் சில ஒட்டும், சில ஒட்டா. இரண்டிலும் பெரும்பகுதி இரும்புதானே! இதற்கு எந்த வசனத்தில் பதில் இருக்கிறது?

இந்த வித்தை புதிதன்று. 5ஆம் நூற்றாண்டில் அகஸ்டின் என்ற கிறிஸ்தவப் பெரியார் ‘கடவுளின் நகரம்’ என்ற நூலில், காந்தத்தில் இரும்பு வளையங்கள் தொங்கியதைக் கண்டு திகைத்ததை எழுதி, இதற்கே காரணம் சொல்ல முடியாதவர்கள் கடவுளின் அற்புதத்தை எப்படி மறுக்கலாம் என்று வாதாடினார். அதே நூலில், அந்நிய மதத்தார் கோயிலில் இரும்புச் சிலை அந்தரத்தில் நின்றதாகச் சொல்லுமிடத்தில் மாத்திரம், அது காந்தக்கல்லை வைத்துச் செய்த மனிதத் தந்திரம் என்று கண்டுகொண்டார்! தன் கடவுளுக்கானால் அற்புதச் சாட்சி, பிறர் கோயிலிலானால் தந்திரம்!

வைரம் பக்கத்தில் இருந்தால் காந்தம் இரும்பை விட்டுவிடும் என்று தாம் படித்ததையும் அவர் எழுதி வைத்தார். இத்தகைய வைரக் கதைகள் ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் உலவின. வைரத்தில் தேய்த்த இரும்பு வடக்கு நோக்கும் என்ற கதையை, இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் கில்பர்ட் 75 வைரங்களைக் கொண்டு பலர் முன்னிலையில் சோதித்துப் பொய் என்று கண்டு, 1600இல் நூலாக வெளியிட்டார். பூமியே ஒரு பெருங்காந்தம் என்று சொன்னவரும் அவரே. அவர் புரட்டிப் பார்த்தது வேதத்தை அல்ல, கல்லை!

“பாரடே பெரிய பக்தராயிற்றே” என்பார்கள். ஆம், பக்தர்தான். ஆனால் 1831இல் காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கியது ஜெபத்தினாலா, கம்பிச் சுருளினாலா?

இதைப் படித்துச் சைவர்கள் சிரிக்க வேண்டியதில்லை. சிவஞானபோதத்தின் 5ஆம் சூத்திரமும் காந்தத்தையும் இரும்பையும் காட்டித்தான் ஆண்டவன் அருளைச் சொல்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத கல்லின்மேல் எல்லா மதத்தாரும் பட்டா கேட்கிறார்கள்!

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இதுதான். ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றிக் குழந்தையின் கையில் கொடுத்து எலியட்ஸ் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். மணலில் இழுக்கச் சொல்லுங்கள். கரிய துகள்கள் ஒட்டிவரும். அது இரும்புத் தாது. வேளாங்கன்னி மாதா கோயில் பக்கம் இழுத்தாலும், அஷ்டலட்சுமி கோயில் பக்கம் இழுத்தாலும் அது ஒட்டும். ஏன் என்று குழந்தை கேட்கட்டும். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் “தெரியாது, தேடுவோம்” என்று சொல்லுங்கள். அதில் வெட்கமில்லை.

அப்படியே, ஆயா பித்தளையுமல்ல, இரும்புமல்ல, மனுஷி என்றும் சொல்லி வையுங்கள்.