கலிங்கு இல்லாத ஏரி

'இண்டரப்ட்' என்பதைத் தமிழில் குறுக்கீடு என்கிறோம். நல்ல சொல்தான். ஆனால் அதற்கு மாற்றான 'போலிங்'கை வாக்கெடுப்பு என்று பெயர்த்தால், மாணவர் வாக்குச்சாவடியில் போய் நிற்பார்! 'சென்று பார்த்தல்' என்பதே போதும். தமிழ் விரிவுரையாளருக்கு இங்கே என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். மண்ணாடிப்பட்டில் எம்மிடம் பயிலும் பிள்ளைகள் இச்சொற்களைப் பொருளறியாமல் மனப்பாடம் செய்வதைக் காண்கிறோம், அதனாலேயே எழுதுகிறோம்.

வலையட்டைக்குப் பொதி ஒன்று வந்ததும் அது செயலியைக் குறுக்கிட்டு அழைக்கிறது. செயலி கைவேலையை நிறுத்திவிட்டு ஓடிவருகிறது. எப்போதோ ஒன்று வரும் இடத்தில் இதுவே சிறந்த முறை. வெள்ளம் வந்தால்? 10 கிகாபிட் ஈதர்நெட் இணைப்பில் மிகச் சிறிய பொதிகளாகவே வந்தால், நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் வரக்கூடும். ஒவ்வொன்றுக்கும் எழுந்து ஓடும் செயலிக்கு, வாங்கி வைப்பதிலேயே பொழுது கழிந்துவிடும். உரிய நிரலிடம் சேர்க்க நேரம் இராது. உள்வரிசை நிரம்பி, பாடுபட்டு வாங்கியவையே வீசப்படும். ஓயாத உழைப்பு, பயனோ சுழியம்.

இந்நோயையும் அதன் மருந்தையும் விளக்கி 1996இல் கட்டுரை படைத்தவர்கள் ஜெஃப்ரி மோகுலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற கே. கே. இராமகிருஷ்ணனும். முதற்பொதிக்கு மட்டும் குறுக்கீடு. உடனே குறுக்கீட்டை அடைத்துவிட்டு, ஒரு முறைக்கு இத்தனை என்ற அளவோடு செயலியே சென்று எடுக்க வேண்டும். வரிசை காலியானதும் மீண்டும் திறக்க வேண்டும். இதே நெறியில் அமைந்த 'நாபி' என்னும் ஏற்பாடு பின்னர் லினக்ஸில் இடம்பெற்றது. அதில் சென்று எடுக்கும் செயற்கூறை வலையட்டையின் இயக்கி முன்னரே பதிந்து வைக்கிறது. கருநிரல் தனக்குத் தோதான வேளையில் அதை அழைக்கிறது. இதுதான் 'கால்பேக்'. குறுக்கீடு வன்பொருளின் கூப்பாடு. இது மென்பொருள்களுக்கு இடையிலான உடன்பாடு. இரண்டையும் ஒன்றெனக் குழப்புவோர் பலர்.

ஏரிப் பாசனம் அறிந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேற்றுமொழி வேண்டியதில்லை என்பது எம் கருத்து. அட்டைக்கென நினைவகத்தில் ஒதுக்கிய இடம் ஏரி. அளவோடு எடுப்பது மதகு. ஏரி நிரம்பினால் மிகுந்த பொதிகளை அட்டையே, செயலிக்குத் தொல்லை தராமல், விட்டுவிடும், அது கலிங்கு. இழப்பு இரண்டு முறையிலும் உண்டு. வயல்வரை இறைத்துக் கொண்டுவந்த நீரை வரப்பில் கொட்டுவதா, ஏரியிலேயே வழியவிடுவதா என்பதே வேறுபாடு. முந்தியதில் நீரோடு இறைத்தவன் உழைப்பும் போகிறது.

குறுக்கீட்டையே துறந்து இடைவிடாது சென்று பார்க்கும் 'டிபிடிகே' போன்ற தொகுதிகளும் உள்ளன. விரைவு மிகுதிதான். ஆனால் வழக்கமான அமைப்பில், பொதி ஒன்றும் வராத வேளையிலும் செயலியின் ஒரு கருவை அவை முழுதாக விழுங்கிவிடும். கோடையிலும் மதகடியில் ஆள் நிறுத்திக் கூலி கொடுப்பது பெருநிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகலாம். எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கு ஆகாது.