எண்ணிக்கையைக் கொடுங்கள், பெயரைக் கொடுக்காதீர்கள்

முத்தாண்டிக்குப்பத்தில் நம் பிள்ளை பள்ளியில் சேரும்போதே அதன் சாதி எமிஸ் தளத்தில் ஏறிவிடுகிறது. கல்லூரியில் யுமிஸ், பயிற்சிக்கு 'நான் முதல்வன்', பிறகு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. எல்லாம் அரசின் கையில்தான் இருக்கின்றன.

2011 கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். படித்து முடித்த நம் இளைஞர்களில் எத்தனை பேர் நிரந்தரப் பணியில், எத்தனை பேர் ஒப்பந்தக் கூலியில்? இந்தத் தரவுகளோடு என்எல்சியின் கணக்கும் சேர்ந்தால்தான் தெரியும். ஆகவே துறைகள் தரவைப் பகிர்வது நமக்குத் தேவை.

ஆனால் பெயர், ஊர், சாதி மூன்றும் ஒரே வரியில் ஒப்பந்தக்காரர் கைக்குப் போனால், நேர்காணலுக்கு முன்பே கதவு மூடிவிடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, நலத்திட்டங்களுக்காக அரசு தன்னிடமுள்ள விவரங்களைச் சில நிலைகளில் புதிய ஒப்புதலின்றியே பயன்படுத்த வழிவிடுகிறது.

எனவே இணைக்கும் வேலை அரசுக்குள்ளேயே, பெயருக்குப் பதில் குறியீட்டெண்ணோடு நடக்கட்டும். எண்ணிக்கையை மட்டும் ஒன்றிய வாரியாக ஆண்டுதோறும் ஆட்சியர் வெளியிடட்டும். ஊர் வாரியாக வேண்டாம். சிறிய ஊரில் எண்ணே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கேட்போம்.