ஒரு விரலுக்கு எத்தனை சதவீதம்?

ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ 7. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் ஒசத்தி, 30.

கேன்டீன் விலைப்பட்டியல் மாதிரி இருக்கிறதா? 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை இது. எந்த விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போச்சு என்று கணக்குப் போடுவதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்தது. இ.எஸ்.ஐ.யிலும் இதே மாதிரிதான் கணக்கு.

சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி ஒரகடம் பக்கம் போகிறவர்களுக்கு இந்த அட்டவணை தெரியாது. ஆனால் அட்டவணையில் இருக்கிற விரல்கள் அவர்களுடையவைதான். நரசிம்மர் கோயிலால் பேர் வாங்கின ஊர், இன்றைக்கு ஷிப்ட் பஸ்களின் ஊர். ஒரு பக்கம் மறைமலை நகர், இன்னொரு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி, நடுவில் கார் கம்பெனிகளுக்கு பார்ட்ஸ் போடுகிற சின்னச் சின்ன கம்பெனிகள். அங்கே தகடு வெட்டுவதும் வளைப்பதும் பவர் பிரஸ். 'சேஃப் இன் இந்தியா' என்கிற அமைப்பு 2019 முதல் வெளியிடும் அறிக்கைகளைப் பார்த்தால், வாகன உதிரிபாகத் தொழிலில் விரல்கள் நசுங்குவதற்கு முதல் காரணமாக வருவது இந்த பிரஸ்தான். (அவர்கள் அதிகம் பார்த்தது குர்கான், மானேசர், ஃபரிதாபாத். பிரஸ் எல்லா ஊரிலும் ஒரே பிரஸ்தான்.)

சட்டம் இல்லாமலா? 1948-ம் வருடத்து தொழிற்சாலைகள் சட்டம், 21-வது பிரிவு, தெளிவாகச் சொன்னது: மெஷினின் ஆபத்தான பாகம் ஒவ்வொன்றுக்கும் உறுதியான தடுப்பு இருக்க வேண்டும், பாகம் ஓடுகிற வரைக்கும் அந்தத் தடுப்பு அதன் இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். எந்த மெஷினுக்கு என்ன தடுப்பு, எவ்வளவு தூரத்தில் என்பதை ஒருவர் வாசித்து அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். கோளாறு ஆரம்பிப்பது அங்கேதான்.

இங்கிலாந்தில் 1955-ல் ஒரு கேஸ். ஜான் சம்மர்ஸ் என்ற இரும்பு கம்பெனியில் கிரைண்டிங் வீலில் ஒருவரின் கட்டைவிரல் அடிபட்டது. "முழுக்க மூடினால் வீலை வைத்து எதைத் தேய்ப்பது? மெஷினே உபயோகப்படாதே" என்றது கம்பெனி. உபயோகப்படாமல் போனாலும் சரி, மூடத்தான் வேண்டும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பு சொல்லிவிட்டது. கிரைண்டிங் வீலுக்கென்றே தனி விதிமுறை அங்கே 1970-ல் வந்தது. பொது வார்த்தை ஒரு குறிப்பிட்ட வேலையோடு மோதினால் இப்படித்தான், யாராவது உட்கார்ந்து அந்த வேலைக்கென்று எழுத வேண்டும்.

இங்கே என்ன நடக்கிறது? செக்லிஸ்ட். "கையுறை? யெஸ்." டிரில்லிங் மெஷினில் கையுறை போட்டால் சுற்றுகிற டிரில் கையுறையைப் பிடித்து, கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தகடு தூக்குகிறவனைக் காப்பாற்றுகிற அதே கையுறை, பக்கத்து மெஷின்காரனுக்கு எமன். "சென்சார்? யெஸ்." கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்துகிற லைட் கர்ட்டனைச் சொல்கிறார்கள். பழைய பின் கிளட்ச் பிரஸ் ஒரு தடவை இறங்க ஆரம்பித்தால் சுற்று முடிகிற வரை நிற்காது. அதில் சென்சார் மாட்டுவது வாசலுக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிற மாதிரி. நடுவழியில் நிற்கக்கூடிய பிரஸ்ஸிலும் தூரம் முக்கியம். கையின் வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். மெஷின் நிற்க 0.2 வினாடி ஆனால் சென்சார் டையிலிருந்து குறைந்தது 40 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஒரு சாண் தூரத்தில் இருந்தாலும் படிவத்தில் அது யெஸ்தான். இரண்டு கையாலும் பட்டன் அழுத்தினால்தான் இறங்கும் என்பது நல்ல ஏற்பாடு, ஆனால் எதிர்ப்பக்கம் ஹெல்பர் நின்றால் அவன் கை சும்மாதானே இருக்கிறது?

பிரஸ்ஸே இல்லாத, ஏசி போட்ட சுத்தமான இடங்களும் தப்பவில்லை. 2010 அக்டோபர் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஒரு இளம்பெண் பேனல் ஏற்றும் மெஷினில் சிக்கி இறந்துபோனார். செல்போன் பலகை தூக்கி வைக்கிற மெஷினை 'ஆபத்தான பாகம்' என்று யார் நினைப்பார்கள்?

விபத்து நடந்ததும் வருகிற முதல் வசனம்: "அவன் கவனமா இல்லை." இங்கிலாந்து நீதிமன்றங்கள் 19-ம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டன. மனுஷன் கவனம் தவறுவான் என்பதையும் சேர்த்துத்தான் ஒரு பாகம் ஆபத்தானதா என்று பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம், ஆயிரக்கணக்கான தடவை கையை உள்ளே விட்டு எடுக்கிறவனுக்கு ஒரு தடவை கூடவா தப்பாது?

இன்னொரு கூத்து. 1948 சட்டத்தின் 92-வது பிரிவில் 'கடுமையான காயம்' என்றால் எந்த எலும்பு முறிந்தாலும் சேர்ந்தது. ஆனால் கை, கால் விரலில் ஒரே ஒரு எலும்பு முறிந்தால் சேரவில்லை! சுரங்கச் சட்டத்திலோ விரல் எலும்பும் கணக்கில் இருந்தது. ஒரே விரல், தரைக்கு மேலே லேசான காயம், தரைக்குக் கீழே கடுமையான காயம். அப்படிக் கடுமையான காயம் என்றே ஒத்துக்கொண்டாலும் அபராதத்தின் கீழ்வரம்பு 5,000 ரூபாயாகத்தான் இருந்தது. நஷ்டஈட்டை இ.எஸ்.ஐ. பார்த்துக்கொள்ளும், இன்ஷூர் ஆன தொழிலாளி முதலாளியிடம் தனியாக நஷ்டஈடு கேட்க முடியாது என்றது இ.எஸ்.ஐ. சட்டம். கம்பெனி கணக்குப் புத்தகத்தில் அந்த விரலுக்கு என்று ஒரு வரி கூட விழாது. லைட் கர்ட்டன் மட்டும் செலவுப் பக்கத்தில் பளிச்சென்று உட்கார்ந்திருக்கும். பி.காம். முதல் வருடப் பையன் கூட எதை வெட்டுவான் என்று சொல்லிவிடலாம்.

2025 நவம்பர் 21-ல் பழைய சட்டத்தின் இடத்துக்கு 2020-ம் வருடத்து தொழில் பாதுகாப்புக் கோட் வந்தது. கடுமையான காயத்துக்கு அபராதம் 2 லட்சத்திலிருந்து 4 லட்சம் வரை, அதில் பாதிக்குக் குறையாமல் அடிபட்டவருக்கே கொடுக்கச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரமும் உண்டு. இது நல்ல விஷயம். ஆனால் பழைய 21-வது பிரிவு மாதிரி தடுப்பைப் பற்றி கோடிலேயே விலாவாரியாக எழுதவில்லை, தரநிலைகளுக்கும் விதிகளுக்கும் விட்டுவிட்டார்கள். அவற்றை எழுதுகிறவர்கள் ஒரு நாள் பின் கிளட்ச் பிரஸ் முன்னால் உட்கார்ந்து, மெஷின் நிற்க எத்தனை வினாடி ஆகிறது, எத்தனை பேர் கை உள்ளே போகிறது என்று எண்ணிவிட்டு எழுதட்டும். அதுவும் நைட் ஷிப்டில், டார்கெட் முடிக்கிற கடைசி ஒரு மணி நேரத்தில்.