உபயப் பட்டியலில் சிவப்பு யாருக்காக?

திருவிழா நெருங்குது. ஜொகூர்ல ஆலயத் தொண்டு செய்ற பலர் உபயப் பட்டியலை எக்செலில்தான் வச்சிருக்கோம். கட்டியவருக்குப் பச்சை, பாக்கிக்குச் சிவப்பு.

அந்த நிறத்தைக் கையால் பூசக்கூடாது என்பது என் கருத்து. பேங்க் வழியா 101 வெள்ளி வந்துடும். தொகையை எழுதினவர் நிறத்தை மாற்ற மறந்துட்டா என்ன ஆகும்? பணம் கட்டிய பாட்டிக்கே மறுபடியும் போன் போகும். அந்த மனவருத்தத்தை எந்த ரசீதும் ஆற்றாது.

எக்செலில் ‘கண்டிஷனல் பார்மேட்டிங்’னு ஒரு வசதி இருக்கு. “கட்டிய தொகை குறைவா இருந்து, உபய நாளுக்கு ஏழு நாள்தான் இருக்குன்னா மஞ்சள், நாள் கடந்துட்டா சிவப்பு”ன்னு விதி எழுதிட்டா, தொகையைப் போட்டதும் நிறம் தானா மாறும்.

ஆனா வரிகளை வெட்டி ஒட்ட ஒட்ட, விதிகள் துண்டு துண்டாயிடும். அங்கேதான் மேக்ரோ வேணும். ஒரு பட்டனைத் தட்டினா பழைய விதிகளை அழிச்சு, முழுப் பட்டியலுக்கும் புதுசா எழுதிடும். மேக்ரோவையே நேரடியா நிறம் பூச விடாதீங்க. மறுபடி ஓட்டும் வரை பழைய நிறமே நிற்கும். கைத்தொலைபேசி எக்செலில் மேக்ரோ ஓடவே ஓடாது. விதி இருந்தா அதிலும் நிறம் மாறும்.

முன்பின் தெரியாத மேக்ரோ கோப்பைத் திறக்காதீங்க. 1999-ல் மெலிசா வைரஸ் மேக்ரோ வழியாத்தான் மின்னஞ்சலில் பரவியது. 2022 முதல், இணையத்திலிருந்து இறக்கிய கோப்புகளின் மேக்ரோவை மைக்ரோசாப்ட் தானே தடுக்குது. அவசரத்தில் அந்தத் தடையை நீக்க வேண்டாம்.

மேக்ரோ எழுதின தம்பி நாளைக்குச் சிங்கப்பூர் வேலைக்குப் போயிட்டா, பட்டன் ஏன் ஓடலைன்னு யாருக்குத் தெரியும்? எந்த நிறத்துக்கு என்ன விதின்னு முதல் தாளிலேயே தமிழில் எழுதி வைங்க. இன்னொருத்தருக்கும் கத்துக்கொடுங்க.

கடைசியா ஒன்று. அந்த வண்ணப் பட்டியலைப் படம் பிடிச்சு வாட்சப் குழுவில் போடுறது தப்பு. அம்பாளுக்கு வேண்டிக்கிட்டவர் பேரைச் சிவப்புல ஊரே பார்க்கணுமா? அந்தச் சிவப்பு பொருளாளர் கண்ணுக்கு மட்டும் போதும். அவர் தனியா, அன்பா ஒரு வார்த்தை கேட்கட்டும்.

உபயக்காரர்களும் பேங்க்ல போட்டதும், ரசீதுப் படத்தைப் பேரோடும் உபய நாளோடும் பொருளாளருக்கு அனுப்பிடுங்க. ஓம் சக்தி.