பத்திராதிபரா, பட்டத்துப் பிள்ளையா?

கலாசாலைகளிலும் தமிழ்ச் சங்கங்களிலும் இலக்கிய ஆராய்ச்சிப் பத்திரிகைகள் நடத்துகின்றார்கள். அவற்றின் பத்திராதிபர் ஓய்வு பெற்றாலோ, காலமானாலோ அந்த இடத்துக்கு அடுத்த ஆள் எப்படி வருகின்றார் என்று யாராவது கேட்டதுண்டா? பல இடங்களில் விளம்பரம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, விசாரணையும் கிடையாது. துறைத் தலைவர் நாற்காலியில் எவர் உட்காருகின்றாரோ அவரே பத்திராதிபர். இல்லையேல் பழையவரின் சீடர். மடத்தில் சின்னப் பட்டம் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

"நாலு பண்டிதர்கள் படிக்கும் பத்திரிகைதானே, ஊராருக்கு இதில் என்ன நஷ்டம்?" என்று சிலர் கேட்கலாம். நஷ்டம் ஊராருக்குத்தான். 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் ஏற்பட்டு, "செந்தமிழ்" என்னும் பத்திரிகையை நடத்திற்று. ஏட்டில் கிடந்த பழைய நூல்கள் பல அதன் வழியாக அச்சேறின. எது மூலபாடம், எது இடைச்செருகல் என்று பத்திரிகையில் வாதாடி முடிவு செய்வதுதான் பிறகு பாடப் புத்தகமாகிப் பிள்ளைகள் தலையில் ஏறுகின்றது. ஆகவே வாசலில் நிற்கும் காவற்காரன் யார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டா, இல்லையா?

பத்திராதிபர் வேலைதான் என்ன? வந்த கட்டுரையை முழுதும் படிக்க வேண்டும். விஷயம் தெரிந்த இருவருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்க வேண்டும். எடுத்துக் காட்டிய அடிகள் மூலநூலில் அப்படியே உள்ளனவா என்று ஒத்துப் பார்க்க வேண்டும். சிநேகிதன் கட்டுரை சொத்தையானால் திருப்ப வேண்டும். முன்பின் அறியாத கிராமத்து உபாத்தியாயர் எழுதியது உருப்படியானால் போட வேண்டும். இதற்கு நேரமும் நெஞ்சுரமும் வேண்டும். நாற்காலியோடு இவை கூடவே வருமா?

வராததன் பலனைப் பார்த்தாகிவிட்டது. டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி நூல் கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது அச்சாகியிருக்க வேண்டும் என்று 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. 2022-ல்தான் அந்தக் கட்டாயம் நீங்கிற்று. நடுவில் என்ன நடந்தது? பணம் வாங்கிக் கொண்டு எதையும் அச்சடிக்கும் கடைகள் முளைத்தன. கூலி வேலை செய்து படிக்க வைத்த தகப்பன் காசு அந்தக் கடைகளுக்குப் போயிற்று. 2018-ல் அதே குழு தன் பட்டியலிலிருந்து 4,305 பத்திரிகைகளைத் தள்ளிற்று. பிறகு வந்த "கேர்" பட்டியலையும் 2025-ல் கைவிட்டு, நல்லது கெட்டதை அந்தந்தக் கலாசாலையே பார்த்துக் கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பட்டியல் போன பிறகு மிச்சமிருக்கும் ஒரே காவல் பத்திராதிபரின் யோக்கியதைதானே? அதையும் பரம்பரைக்கு விட்டுவிடலாமா?

நிற்க. "பெரியவர்களுக்குப் பேரைப் பார்த்தாலே தரம் தெரியும்" என்பது இன்னொரு வாதம். அமெரிக்காவில் நவீன மொழிச் சங்கம் 1884 முதல் நடத்திவரும் பத்திரிகையில், 1980 முதல் எழுதியவர் பெயரை மறைத்தே கட்டுரைகளைப் பரிசீலித்தார்கள். அதன்பின் பெண்களின் கட்டுரைகள் முன்னிலும் அதிகமாக இடம் பெற்றன. பெயர் தெரிந்தபோது தெரியாத தரம், பெயர் மறைந்தவுடன் தெரிந்தது எப்படி? ஸ்டான்லி ஃபிஷ் என்னும் பேராசிரியர் இந்த முறையைக் கண்டித்து எழுதினார். அந்தக் கண்டனத்தையும் 1988-ல் அதே பத்திரிகையே அச்சிட்டது. அதுவல்லவோ பத்திரிகை!

"ஒருவரே நீண்ட காலம் இருந்தால் நல்லது" என்பார்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் கோஹன் 1969-ல் தொடங்கிய இலக்கிய வரலாற்றுப் பத்திரிகையை 2009 வரை 40 வருஷம் நடத்தியது மெய். உண்டாக்கியவன் 40 வருஷம் உட்கார்ந்தான் என்பது, உண்டாக்காதவன் உட்காருவதற்கு அத்தாட்சியாகுமா? தோட்டம் போட்டவனுக்குள்ள மரியாதையைக் காய் பறிக்க வந்தவன் கேட்கலாமா?

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். பத்திராதிபர் இடம் காலியானால் பகிரங்கமாக விளம்பரம் செய்யுங்கள். வெளியூர் அறிஞர்களும் உள்ள குழுவைக் கொண்டு தேர்ந்தெடுங்கள். 5 வருஷத்துக்கு மேல் ஒருவரை வைக்காதீர்கள். பத்திராதிபருக்குப் பாடம் நடத்தும் சுமையைக் குறைத்து, சம்பளத்தோடு ஓர் உதவியாளரையும் கொடுங்கள். கட்டுரைகளைப் பெயர் மறைத்துப் பரிசீலியுங்கள். வருஷத்துக்கொரு முறை எத்தனை கட்டுரைகள் வந்தன, எத்தனை திரும்பின, ஏன் திரும்பின என்று கணக்குக் காட்டுங்கள்.

"தகுந்த ஆள் கிடைக்கமாட்டான்" என்று சொல்லுவார்கள். கதவைத் தாழ் போட்டுக் கொண்டு, யாருமே வரவில்லை என்பது என்ன நியாயம்? முதலில் திறந்து பார்க்கட்டும். சந்தா கட்டும் வாசகசாலைக்காரர்களும், கட்டுரை அனுப்பும் உபாத்தியாயர்களும், பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்களும் இந்தக் கேள்வியை அந்தந்தக் கலாசாலைக்கும் சங்கத்துக்கும் ஒரு கார்டில் எழுதிக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால், வரும் வரையில் மறுபடியும் எழுத வேண்டும்.